அப்பாவின் தட்டைப் பார்த்துத்தான் பிள்ளை சாப்பிடுகிறது: அப்பாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை என்றால் டாக்டர் முதல் பக்கத்து வீட்டுப் பாட்டி வரை எல்லோரும் அம்மாவைத்தான் கேட்பார்கள். பக்கத்திலேயே அப்பா நின்றுகொண்டிருந்தாலும் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நான் இரண்டு பிள்ளைகளின் அப்பா, திருநெல்வேலிப் பக்கம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. நான் டாக்டர் இல்லை. மகள் சின்ன வயதில் சாப்பாட்டோடு நாங்கள் பட்ட பாட்டில், என்னதான் காரணம் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தவன். அதற்கப்புறம் கூட வேலை பார்ப்பவர்களும் தெருவில் உள்ள மற்ற அப்பாக்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை, நான் படித்ததையும் வீட்டில் செய்து பார்த்ததையும் வைத்து இங்கே எழுதுகிறேன்.

சாப்பாடு விஷயமெல்லாம் மனைவிதான் பார்க்கிறாள். இதில் அப்பா செய்ய என்ன இருக்கிறது?

நம் ஊரில் ரொம்ப காலமாகவே இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறோம். "தாயோடு அறுசுவை போம், தந்தையோடு கல்வி போம்" என்று பழைய சொல்லே இருக்கிறது. ருசி அம்மா கணக்கு, படிப்பு அப்பா கணக்கு. ஆனால் தட்டு முன்னால் உட்காரும் குழந்தைக்கு இந்தக் கணக்கு தெரியாது. எதிரே இருப்பவர் வாய்க்குள் என்ன போகிறது, எது தட்டின் ஓரத்துக்குப் போகிறது, அதைத்தான் அது பார்க்கிறது.

என் அப்பா கத்தரிக்காயைத் தொடமாட்டார். எங்களிடம் சாப்பிடாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சாம்பாரில் கிடக்கும் துண்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்துவிடுவார், அவ்வளவுதான். நானும் தம்பியும் முப்பது வயது வரை கத்தரிக்காய் சாப்பிடவில்லை. அம்மா வாரம் இரண்டு நாள் ஆசையாகச் சமைத்து அதே அடுக்களையில் ஆசையாகச் சாப்பிட்டாள், எங்கள் கண் அங்கே போகவே இல்லை, ஏனென்றால் நாங்கள் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டோம், அம்மா கடைசியில் தனியாகச் சாப்பிட்டாள். என் மகள் மூன்று வயதில், என் தட்டைப் பார்த்துக்கொண்டே, அதே மாதிரி ஒரு விரலால் கத்தரிக்காயைத் தள்ளி வைத்தாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஹார்ப்பர், சாண்டர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1975இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத ஒரு உணவைப் பெரியவர்கள் வெறுமனே நீட்டிப் பார்த்தார்கள், அப்புறம் தாங்களும் அதைச் சாப்பிட்டுக்கொண்டே நீட்டிப் பார்த்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே நீட்டியபோதுதான் பிள்ளைகள் அதிகமாக வாயில் வைத்தார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் அலெக்ஸ் மெக்கின்டாஷ் குழுவினர் ஹூஸ்டன் பக்கத்துக் குடும்பங்களைக் கவனித்தபோது, பிள்ளைகள் பர்கர் மாதிரியான துரித உணவுக் கடைகளில் செலவழிக்கும் நேரம் அப்பாவின் பழக்கத்தோடுதான் ஒட்டிப் போனது.

அம்மாவின் பங்கு சின்னது என்று சொல்ல வரவில்லை. ருசிப் பழக்கம் வயிற்றில் இருக்கும்போதே தொடங்குகிறது. கர்ப்பத்திலோ பால் கொடுக்கும் காலத்திலோ தாய்மார்கள் கேரட் சாறு குடித்து வந்தால், அவர்களின் குழந்தைகள் பின்னால் கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள் என்று பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தார் 2001இல் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாடம் அம்மாவுடையது, அதில் நமக்கு இடமில்லை. குழந்தை உட்கார்ந்து, வீட்டுச் சாப்பாட்டைத் தொட ஆரம்பித்த நாளிலிருந்து நம் பாடமும் தொடங்கிவிடுகிறது. நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது நடக்கும்.

எனக்கே பாதிக் காய்கறி பிடிக்காது. பிள்ளைக்காகப் பிடித்த மாதிரி நடிக்கச் சொல்கிறீர்களா?

நடிக்க வேண்டாம், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிடிக்காத காயை "ஆஹா, என்ன ருசி" என்று சொல்லிக்கொண்டே முகம் சுருங்கினால் அவர்கள் படிப்பது முகத்தைத்தான்.

நான் செய்தது இதுதான். கத்தரிக்காயில் எனக்கு எது பிடிக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். சாம்பாரில் குழைந்து தோல் தனியாக, விதை தனியாக வழவழவென்று கிடப்பதுதான் பிடிக்கவில்லை. சரி, தணலில் சுட்டு, தோலை உரித்து, புளி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம் போட்டுக் கொத்சு மாதிரி செய்து பார்க்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அது எனக்குப் பிடித்தது. மகளிடம் உள்ளதைச் சொன்னேன்: "அப்பாவுக்கு முன்னாடி இது பிடிக்காது, இப்ப கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட்டுப் பழகுறேன்." பெரியவர்களும் ஒரு ருசியைப் பழகிக்கொள்வார்கள் என்பதே அவளுக்குப் புதுச் செய்தியாக இருந்தது. மறுவாரம் அவளாகவே "இன்னிக்கு எனக்கும் ஒரு கரண்டி" என்றாள். ஒரு கரண்டிதான். போதும்.

இரண்டு மூன்று காய் உங்களுக்கு உண்மையாகவே பிடிக்காமல் இருந்தால் தப்பே இல்லை. பிள்ளை முன்னால் "சீ, இதைப் போய் யார் சாப்பிடுவா" என்று சொல்லாமல் இருந்தால் சரி. அந்த ஒரு வார்த்தை ஒரு காயைப் பல வருஷத்துக்கு அந்த வீட்டிலிருந்து வெளியேற்றிவிடும். சமைத்தவரையும் அது காயப்படுத்தும், அதைப் பிள்ளையும் பார்க்கும்.

நான் வீட்டுக்கு வர இரவு ஒன்பதரை ஆகிவிடுகிறது. அதற்குள் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் அப்பாக்கள்தான் அதிகம், குரலில் வருத்தமும் இருக்கும். ராத்திரிச் சாப்பாடுதான் குடும்பச் சாப்பாடு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. காலை ஏழரை மணிக்கு இட்லியோ தோசையோ எப்படியும் சாப்பிடுகிறீர்கள், பெரும்பாலும் நின்றுகொண்டே, ஒரு கையில் போனோடு. அந்தப் பத்து நிமிஷம் பிள்ளையோடு தரையில் உட்காருங்கள். உங்கள் தட்டிலும் அதே இட்லி, அதே சட்னி. பேச்சு சாப்பாட்டைப் பற்றி இருக்க வேண்டியதில்லை, நேற்று வகுப்பில் யாருக்கு அடி விழுந்தது என்று கேட்டால் போதும்.

ஷிப்ட் வேலை, லாரி ஓட்டுவது, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வீடு வருவது என்றெல்லாம் இருப்பவர்கள் அந்த ஒரு நாள் மதியச் சாப்பாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒரு நாளை ஹோட்டலுக்கென்றே ஒதுக்கிவிடாதீர்கள். அப்பா வந்தால் பிரியாணி, அப்பா இல்லாவிட்டால் கீரை என்று பிள்ளை மனதில் பதிந்துவிட்டால், பாவம், அம்மா வாரம் முழுக்க அந்தக் கீரையோடு போராட வேண்டியிருக்கும்.

வேலை விட்டு வரும்போது ஏதாவது வாங்கி வந்தால்தான் பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்கிறது. அந்தச் சந்தோஷத்தையும் விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். இதைக் கேட்கும்போது எனக்கே மனசு இளகிவிடும். என் அப்பா சம்பள நாளில் காராச்சேவுப் பொட்டலத்தோடு வருவார், அந்தக் காகிதத்தில் எண்ணெய் ஊறிய வாசம் இன்றைக்கும் எனக்கு அப்பாவின் வாசம்தான். ஆனால் அவருக்குச் சம்பள நாள் மாதத்தில் ஒரு முறை. நமக்கோ வீட்டுக்கு வரும் வழியில் நாலு பேக்கரி, இரண்டு பஜ்ஜிக் கடை, கையில் போனைத் தட்டினால் காசு போய்விடுகிறது. மாதத்துக்கு ஒரு நாள் வந்த பொட்டலம் தினமும் வந்தால் அது பண்டமாக இருக்காது, பிள்ளையின் சாயங்காலச் சாப்பாடாகிவிடும். ஆறரைக்கு ஒரு பப்ஸும் ஒரு கூல் டிரிங்க்ஸும் உள்ளே போன பிள்ளை எட்டு மணிக்குச் சோறு வேண்டாம் என்றால் அது அடம் இல்லை, வயிறு நிறைந்திருக்கிறது.

கூல் டிரிங்க்ஸ் பற்றி மட்டும் ஒரு கணக்குச் சொல்கிறேன். 250 மில்லி கோலா பாட்டில் ஒன்றில் சுமார் 26 கிராம் சர்க்கரை இருக்கிறது, ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. 2 வயது தாண்டிய பிள்ளைகளுக்கு, இப்படித் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதய சங்கம். ஒரே பாட்டிலில் அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது. பள்ளி வளாகத்திலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி போட்டது. பிள்ளையைக் கூப்பிட வந்த அப்பாவே வண்டியை அடுத்த தெருக் கடையில் நிறுத்தினால் எந்த விதி என்ன செய்யும்?

நான் வெறுங்கையோடு வருவதில்லை. பண்டத்தை மாற்றினேன். நுங்கு நாளில் நுங்கு, பனங்கிழங்கு நாளில் கிழங்கு, கொய்யா, அவித்த நிலக்கடலை, மரவள்ளிக்கிழங்கு, சோளக்கதிர். (முழு நிலக்கடலையை 5 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும், நசுக்கிக் கொடுங்கள்.) முதல் பத்து நாள் மகன் பையைத் திறந்து பார்த்துவிட்டு அழுதான், மறைக்க ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு நாள் பனங்கிழங்கை உரித்து நடுவில் உள்ள தண்டை எடுக்கக் கற்றுக்கொடுத்தேன், அது அவனுக்கு விளையாட்டாகிவிட்டது. இப்போது தை மாதம் வந்தால் அவனே கேட்கிறான். காராச்சேவு இன்னமும் வருகிறது, சம்பள நாளில்.

தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது என்றுதான் எங்கள் அப்பா வளர்த்தார். நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்?

அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. பசியைப் பார்த்த தலைமுறை அது. சோறு கிடைக்காத நாள்களைத் தாண்டி வந்தவர்களுக்கு ஒரு பருக்கை கீழே விழுவது உயிரை வதைத்தது. அதை மதிக்கிறேன். ஆனால் அதைக் காப்பாற்ற வழி குறைவாகப் பரிமாறுவதுதான், நிறையப் போட்டுவிட்டு அதட்டி முடிக்க வைப்பது இல்லை. பிள்ளைக்கு இரண்டு கரண்டி போடுங்கள், கேட்டால் மறுபடி போடுங்கள்.

அதட்டினால் என்ன ஆகும் என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒரு சூப்பைக் கொடுக்கும்போது "குடித்து முடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள், இன்னொன்றுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைத்தான் பிள்ளைகள் அதிகமாகக் குடித்தார்கள். முடிக்கச் சொன்ன சூப்பைப் பற்றித்தான் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் சொன்ன ஒரு பங்கீடு எனக்கு ரொம்ப உதவியது. என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பதெல்லாம் பெற்றோர் முடிவு. அதில் எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளை முடிவு. முதலில் படித்தபோது இது நம் வீட்டுக்கு ஒத்துவராது என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் நம் வீடுகளில் அப்பாவின் அதட்டல் சாப்பாட்டு நேரத்தில்தான் அதிகம் கேட்கும். "அப்பா வரட்டும், சொல்றேன்" என்று அம்மாவும் நம்மைத்தான் போலீசாக நிறுத்துகிறாள். தயவுசெய்து அந்த வேலையை மறுத்துவிடுங்கள். பயத்தில் விழுங்கிய சோறு உடம்பில் ஒட்டலாம், அந்தச் சாப்பாட்டின் மேல் பிரியம் வராது.

கீரையைச் சாப்பிட்டால் ஐஸ்கிரீம் என்று சொன்னால் உடனே சாப்பிடுகிறான். இதில் என்ன தப்பு?

அன்றைக்குக் கீரை உள்ளே போகும், உண்மை. ஆனால் கீரை என்பது கூலி கொடுத்தால்தான் செய்ய வேண்டிய வேலை என்றும் ஐஸ்கிரீம்தான் பரிசு என்றும் அவன் புரிந்துகொள்கிறான். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்க வேண்டுமானால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள், கீரையோடு முடிச்சுப் போடாமல். அதே நேரம் ஒரேயடியாகப் பூட்டி வைத்துத் தடை போடுவதும் உதவாது, ஒளித்து வைத்த பண்டத்தின் மேல்தான் பிள்ளைகளுக்கு ஆசை கூடுகிறது என்று லீயன் பர்ச் என்ற ஆய்வாளரின் குழு தொண்ணூறுகளிலேயே காட்டியிருக்கிறது.

எத்தனை தடவைதான் வைத்துப் பார்ப்பது? பாகற்காயை மூன்று தடவை வைத்தும் துப்பிவிட்டான்.

மூன்று போதாது. புது உணவைப் பார்த்தாலே பயந்து ஒதுங்குவது 2 வயதிலிருந்து 6 வயது வரை பெரும்பாலான பிள்ளைகளிடம் இருக்கும் குணம். நேற்று வரை சாப்பிட்டதையே இன்றைக்கு வேண்டாம் என்பார்கள். ஒரு புது ருசி பழக எட்டு, பத்து, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவை கூட ஆகும். ஒரு தடவை என்றால் ஒரு கிண்ணம் இல்லை, விரல் நுனி அளவு போதும். பாகற்காயில் தொடங்கினால் கஷ்டம்தான், கசப்பை ஒதுக்குவது குழந்தைக்குப் பிறவியிலேயே வருவது. பூசணி, சர்க்கரைவள்ளி, முருங்கைக்காயின் உள்சதை என்று இனிப்பான பக்கத்திலிருந்து வாருங்கள். உங்கள் தட்டில் மட்டும் பாகற்காய் வறுவல் இருக்கட்டும். "அப்பா, அது என்னது?" என்று கேட்கும் நாள் வரும்.

பள்ளிக்கூடத்தில் உப்புமாவை வாங்கிச் சாப்பிடுகிறான். வீட்டில் செய்தால் தொடமாட்டேன் என்கிறான். ஏன்?

பக்கத்தில் இருபது பேர் சாப்பிடுகிறார்களே, அதுதான். லீயன் பர்ச் 1980இல் இதைச் சோதித்திருக்கிறார். ஒரு காய் பிடிக்காத பிள்ளையை, அந்தக் காயை விரும்பித் தின்னும் பிள்ளைகள் நடுவில் சில நாள் உட்கார வைத்தார், அந்தப் பிள்ளை தானாகவே அதை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. நம் ஊரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. அதில் வருவதும் உப்புமா, கிச்சடி, பொங்கல்தான். வீட்டில் பிள்ளை மட்டும் ஒரு மூலையில், ஒரு தட்டில் உப்புமாவோடு உட்கார்ந்திருக்க, அப்பா தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் எந்தப் பிள்ளை உப்புமா சாப்பிடும்? எல்லோருக்கும் ஒரே பானைச் சாப்பாடு, ஒரே நேரத்தில். "எனக்கு மட்டும் தோசை ஊத்து" என்று சொல்லும் வழக்கத்தை அப்பா விட்டாலே பாதி வேலை முடிந்தது.

போனில் கார்ட்டூன் போட்டு ஊட்டினால்தான் சாப்பிடுகிறாள். நிறுத்தினால் பட்டினி கிடப்பாளோ என்று பயம்.

ஒரு வேளை குறைவாகச் சாப்பிடுவாள், ஆரோக்கியமான பிள்ளை அதனால் கெட்டுப்போகாது. அடுத்த வேளை பசி அவளைக் கூட்டிக்கொண்டு வரும். திரையைப் பார்த்துக்கொண்டே விழுங்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை, என்ன ருசி என்றும் தெரிவதில்லை. இதில் முதலில் கீழே வைக்க வேண்டியது அப்பாவின் போன். நான் சாப்பிடும்போது கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பேன், மகளிடம் மட்டும் போனை வை என்பேன், எப்படிக் கேட்பாள்? இப்போது சாப்பாட்டு நேரத்தில் எல்லாப் போனும் அலமாரி மேல். பெரிய மேட்ச் நாளில் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

குழந்தைக்கு டீ கொடுக்கலாமா? என்னோடு டீக்கடைக்கு வந்தால் கேட்கிறான்.

சாப்பாட்டோடும் சாப்பிட்டு முடித்த கையோடும் வேண்டவே வேண்டாம். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள், கீரை, பயறு, கேழ்வரகு மாதிரி உணவுகளில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வு. பாதிக்கு மேல்! நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் டம்ளரில் டீயும் வர்க்கியும் காலைச் சாப்பாடாகப் போகிறது, அதை நினைத்தால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. டீக்கடைக்குக் கூட்டிப் போங்கள், அப்பாவோடு பெஞ்சில் உட்காருவதுதான் அவனுக்கு வேண்டும், ஒரு டம்ளர் பால் வாங்கிக் கொடுங்கள். சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்தாலோ, ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கூடக் கொடுத்தாலோ இரும்புச் சத்து நன்றாகவே சேரும்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு முதலில் பரிமாறுவதுதான் வழக்கம், பெரிய மீன் துண்டும் அப்பாவுக்குத்தான். இதில் பிள்ளைகளுக்கு என்ன?

எனக்கு மனசில் ரொம்ப நாளாகக் கிடக்கும் விஷயம் இது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. அப்பாவுக்கு நல்லிஎலும்பு, பையனுக்கு ஈரல், அப்புறம் பெண் பிள்ளைக்கு ஒரு துண்டு, கடைசியில் சட்டியை வழித்துக் குழம்போடு சோற்றைப் பிசைந்து சாப்பிடுவது அம்மா. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, அம்மாவே அன்போடுதான் எடுத்து வைக்கிறாள். ஆனால் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளை, தன் பங்கு சின்னது என்று கற்றுக்கொள்கிறது. பையன், தன் பங்கு பெரியது, தட்டு தன்னிடம் வரும், தான் எழுந்து போக வேண்டியதில்லை என்று கற்றுக்கொள்கிறான். பத்து வயதுக்கு மேல் பெண் பிள்ளைக்கு இரும்புச் சத்து அதிகமாகத் தேவைப்படும், அந்த நேரத்தில்தான் முட்டை அண்ணனுக்கு மட்டும் போகிறது.

இதை மாற்றும் வலு அப்பாவிடம்தான் இருக்கிறது. அம்மா மாற்றினால் மாமியார் கேட்பார், அப்பா தன் தட்டிலிருந்து எடுத்து மகள் தட்டில் வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் முதலில் எல்லோருக்கும் பரிமாறி முடித்து, மனைவியும் உட்கார்ந்த பிறகுதான் நான் கை வைப்பேன். ஆரம்பத்தில் என் அம்மா "ஆறிப் போகுதே, சாப்பிடுய்யா" என்று தவித்துப் போனாள். இரண்டு மாதத்தில் பழகிவிட்டது.

சமைக்கவே தெரியாத நான் என்ன செய்ய?

இந்தியாவில் 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலைகளில் பெண்கள் 81.2 சதவீதம் பேர் ஈடுபட்டார்கள், ஆண்கள் 26.1 சதவீதம்தான். ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். ஆக, தெரியாது என்று சொல்பவர் நீங்கள் மட்டும் இல்லை. ஒரே ஒரு சாப்பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள், பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு. நான் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் கற்றுக்கொண்டேன், எங்கள் ஊர்ச் சாப்பாடு, குக்கரில் வேலை முடிந்துவிடும். பூண்டு உரிப்பது மகன், தேங்காய் துருவுவது மகள். தான் உரித்த பூண்டு சோற்றில் எங்கே கிடக்கிறது என்று தேடித் தேடிச் சாப்பிடுவான். சந்தைக்கும் கூட்டிப் போங்கள், வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது எப்படி, மீனின் செவுளைத் திறந்து பார்ப்பது எப்படி என்று காட்டுங்கள். தான் பொறுக்கி எடுத்த காயைப் பிள்ளை எளிதில் ஒதுக்காது.

நானே நல்ல எடை. சர்க்கரையும் இருக்கிறது. நான் பிள்ளைக்கு எந்த வாயால் சொல்வது?

சொல்ல வேண்டாம், கூட சேர்ந்து செய்யுங்கள். தமிழ்நாட்டில் ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடை என்று மேலே சொன்ன அதே குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அப்பாவின் எடைக்கும் பிள்ளைக்கும் தொடர்பு உண்டா என்று ஆஸ்திரேலியாவில் பார்த்தார்கள். அம்மா சரியான எடையில் இருந்து அப்பா அதிக எடையாக இருந்த வீடுகளில் பிள்ளை குண்டாகும் வாய்ப்பு கூடியிருந்தது, அப்பா சரியாக இருந்து அம்மா மட்டும் அதிக எடையாக இருந்த வீடுகளில் அப்படித் தெரியவில்லை என்று 2012இல் வெளியிட்டார்கள். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் நான் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன்.

நம்பிக்கை தரும் செய்தியும் அதே நாட்டிலிருந்துதான். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பிலிப் மார்கன் குழுவினர் அதிக எடையுள்ள 53 அப்பாக்களைச் சேர்த்து ஒரு சோதனை செய்து 2011இல் வெளியிட்டார்கள். அந்தத் திட்டத்தில் அப்பாக்களுக்குத்தான் பாடம், பிள்ளைகளோடு சேர்ந்து ஓடியாடும் வகுப்புகளும் உண்டு. அப்பாக்களின் எடை குறைந்தது, பிள்ளைகளின் ஓட்டமும் சாப்பாடும் மேலானது. உங்களுக்கு டாக்டர் சொன்ன சாப்பாடு, அதாவது காய் கூட, சோறு அளவாக, இனிப்பு எப்போதாவது, இதுதான் வீட்டில் எல்லோருக்கும் நல்லது. தனிச் சமையல் தேவையில்லை. பிள்ளையை மட்டும் "குண்டு" என்று சொல்லாதீர்கள், செல்லமாகக் கூட. மறைந்து சாப்பிடும் பழக்கம் அங்கிருந்துதான் வரும்.

நான் துபாயில் இருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு மாதம் வருகிறேன். என்னால் என்ன முடியும்?

பெட்டி நிறைய சாக்லேட்டோடு வரும் அப்பாவைத்தான் பிள்ளைக்குத் தெரியும், அந்த ஒரு மாதம் வீட்டுச் சட்டமெல்லாம் தளர்ந்துவிடும். ஆசை எனக்குப் புரிகிறது, பதினோரு மாதத்தை முப்பது நாளில் கொடுத்துவிட நினைக்கிறீர்கள். சாக்லேட்டைக் குறைத்து, பேரீச்சம்பழத்தைக் கூட்டுங்கள், அது அந்த மண்ணின் நல்ல பண்டம். லீவு நாளில் அறையில் நண்பர்களோடு சமைக்கும்போது வீடியோவில் கூப்பிட்டு, வெங்காயம் வெட்டுவதைக் காட்டுங்கள், என்ன காய் என்று சொல்லுங்கள். ஒரு நண்பர் அப்படித்தான் வாராவாரம் செய்கிறார். போன தடவை ஊருக்கு வந்தபோது அவருடைய ஏழு வயது மகள், "அப்பா, அங்க வச்ச மாதிரி பருப்புக் குழம்பு வைங்கப்பா" என்று கேட்டிருக்கிறாள். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அவர் துவரம்பருப்பு ஊற வைத்தார்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

எடை ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, மொத்தமே நாலைந்து உணவைத் தவிர எதையும் தொடாமல் மாதக்கணக்கில் இருந்தாலோ, வெளிறிப் போய்ச் சோர்ந்து கிடந்தாலோ, மண், சுண்ணாம்பு தின்றாலோ தள்ளிப் போடாமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அங்கன்வாடியிலும் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் குறித்துத் தருவார்கள். அந்த அட்டையை எடுத்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள். டாக்டர் அம்மாவைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு உங்களிடம்தான் பதில் இருக்கும்.